அப்பா பெயர் பொருந்தினால் போதாது: 19-ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் பெற்றோரை உறுதிசெய்வது எப்படி

வம்சாவளி தேட உட்காருகிற எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறோம். 1900-க்கு இந்தப் பக்கம் சான்றிதழ், பழைய கடிதம், பாட்டி சொன்ன கதை என்று ஏதாவது கிடைத்துக்கொண்டே இருக்கும், வேலை மளமளவென்று நடக்கும். அதற்கு முன்னால் போனதும் ஓர் ஆள் வழியை மறித்துக்கொண்டு நிற்பார். அவருக்கு எப்போது கல்யாணம் ஆனது, எத்தனை பிள்ளைகள், எந்த வருடம் இறந்தார், எல்லாம் தெரியும். யாருக்குப் பிறந்தார் என்பது மட்டும் தெரியாது.

புதிதாக வருகிறவர்கள் அங்கே என்ன செய்கிறார்கள்? பெயரைப் போட்டுத் தேடி, ஏறத்தாழ அதே வருடம் அதே வட்டாரத்தில் அதே பெயரில் ஒரு குழந்தை பிறந்திருந்தால் கிடைத்துவிட்டது என்று அதன் அப்பா அம்மாவை மேலே ஒட்டிவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு நண்பரின் குடும்பத்துக்காக இங்கிலாந்தில் மேரி என்ற பெண்ணைத் தேடிக்கொண்டிருந்தேன். 1861-இல் கல்யாணம், வயது 22, அப்பா பெயர் வில்லியம், தச்சர். பக்கத்துப் பங்கின் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் வட்டாரம்) பதிவேட்டில் 1839-இல் ஒரு மேரிக்கு ஞானஸ்நானம், அப்பா வில்லியம், அவரும் தச்சர், குடும்பப் பெயரும் அதே. 1861 சென்சஸிலும் அந்த வில்லியம் உயிரோடு தச்சு வேலை பார்த்துக்கொண்டிருக்கிறார். இதற்கு மேல் என்ன வேண்டும்? எட்டு மாதம் அவருடைய முன்னோரை எல்லாம் துரத்திக்கொண்டு 1750 வரை போய்விட்டேன். அப்புறம் வேறு எதற்கோ அதே பங்கின் அடக்கப் பதிவேட்டைப் புரட்டினால், அந்த மேரி 1842-இல் மூன்று வயதிலேயே இறந்திருக்கிறாள். எட்டு மாத வேலை குப்பைக்கு.

சரியான அப்பாவை எப்படிப் பிடித்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன், இந்த வேலையின் முறை முழுக்க அதில்தான் இருக்கிறது. நான் எடுத்துக்கொள்கிற உதாரணங்கள் பெரும்பாலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்கா ஆவணங்கள். இணையத்தில் அதிகம் திறந்து கிடப்பவை அவைதான்.

முதல் வேலை: கடைசியிலிருந்து பின்னோக்கி வருவது

பிறப்பைத் தேடி ஓடாதீர்கள். இறப்பிலிருந்து ஆரம்பியுங்கள். இறப்புப் பதிவு, கல்லறைக் கல், உயில், பத்திரிகையில் வந்த இரங்கல் செய்தி, பிறகு ஒவ்வொரு சென்சஸ், பிறகு கல்யாணம், பிள்ளைகளின் ஞானஸ்நானம். ஒவ்வொன்றிலும் அவர் வயது என்ன, பிறந்த ஊர் எது, தொழில் என்ன, கூட யார் யார் இருந்தார்கள் என்று ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். கூட இருந்தவர்களை விட்டுவிடாதீர்கள். கல்யாணச் சாட்சி, ஞானப் பெற்றோர், பக்கத்து வீட்டுக்காரர், உயிலில் கையெழுத்துப் போட்டவர், இவர்களில் ஒருவராவது மாமனாகவோ அக்கா புருஷனாகவோ இருப்பார். இதைச் செய்து முடிக்கும்போது உங்களிடம் ஓர் ஆளின் அங்க அடையாளம் மாதிரி ஒன்று இருக்கும். பெயர் மட்டும் இருந்தால் அந்த வட்டாரத்தில் இருக்கிற ஒவ்வொரு வில்லியமும் உங்கள் வில்லியம்தான்.

இன்னொன்று, தேடுதளம் காட்டுகிற அட்டவணை வரியோடு நிற்காதீர்கள், மூலப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். அட்டவணை எழுதியவர் ஓரக்குறிப்பை விட்டிருப்பார், கையெழுத்தைத் தப்பாகப் படித்திருப்பார். அதே பக்கத்தில் இரண்டு வரி கீழே அண்ணனின் பெயர் இருக்கும், அது உங்கள் தேடலில் வந்தே இருக்காது. மற்றவர்கள் இணையத்தில் போட்டு வைத்திருக்கிற வம்சாவளிப் படங்களைத் துப்புக்காகப் பார்க்கலாம், ஆதாரமாக எடுக்கக் கூடாது. ஒரே தப்பு நாற்பது பேர் பக்கத்தில் இருந்தால் நாற்பது பேர் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள் என்று பொருள் கிடையாது, ஒருவரைப் பார்த்து முப்பத்தொன்பது பேர் எழுதியிருக்கிறார்கள்.

இதை யார் சொன்னது?

எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆவணத்தை எழுதிய குமாஸ்தாவுக்கு ஒன்றும் தெரியாது. யாரோ வந்து சொன்னதை எழுதினார். சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும், எத்தனை வருடம் கழித்துச் சொன்னார், மாற்றிச் சொல்ல அவருக்கு ஏதாவது காரணம் இருந்ததா?

பிறப்புச் சான்றிதழில் தகவல் சொன்னவர் பெரும்பாலும் அம்மாதான். குழந்தையைப் பெற்றவர் யார் என்பதற்கு அவரைவிடப் பெரிய சாட்சி கிடையாது. அப்பா யார் என்பதற்கு அவர் சொல் மட்டுமே சாட்சி, அது வேறு கதை. கல்யாணப் பதிவில் அப்பாவின் பெயரைச் சொன்னவர் மாப்பிள்ளையும் பெண்ணும். அப்பா யார் என்று தெரியாத பிள்ளை சபையில் அதைச் சொல்லக் கூசி, வளர்ப்புத் தகப்பன் பெயரையோ தாத்தா பெயரையோ சொல்வது உண்டு, இல்லாத ஓர் ஆளையே உண்டாக்கிச் சொல்வதும் உண்டு. இறப்புச் சான்றிதழில் இறந்தவரின் அப்பா அம்மா பெயர் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எண்பது வயதுக் கிழவர் இறந்திருக்கிறார், தகவல் கொடுத்தவர் மருமகன். அந்த மருமகன் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட மாமனாரின் அம்மா பெயரை அவர் எங்கே கண்டார்? அப்பா பெயர் சரியாக இருக்கும், அம்மா பெயருக்குப் பதில் மாமியாரின் பெயரை எழுதிவைத்திருப்பார்.

குடும்ப பைபிளில் பிறப்பு வரிசை எழுதி வைத்திருந்தால் பலருக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதற்கு முன்னால் முகப்புத் தாளைத் திருப்பி அச்சிட்ட வருடம் பாருங்கள். பைபிள் அச்சானது 1870, உள்ளே முதல் பதிவு 1811, எல்லாப் பதிவும் ஒரே மையில் ஒரே சாய்வில் ஒரே கையெழுத்தில் இருக்கிறது என்றால், 1870-க்குப் பிறகு ஒரு நாள் யாரோ உட்கார்ந்து நினைவிலிருந்தோ பழைய தாளைப் பார்த்தோ மொத்தமாக எழுதியது அது. தூக்கி எறிய வேண்டாம், ஆனால் 1811-இல் நேரில் பார்த்தவர் சொன்ன சாட்சியாக அதை எடுக்க முடியாது. மை மாறி, கை மாறி, கடைசிக் குழந்தையின் பெயர் நடுங்கிய எழுத்தில் இருந்தால் அந்தத் தாளுக்கு மதிப்பே தனி.

பெற்றோர் பெயரை நேராகச் சொல்கிற பதிவுகள்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பிறப்பு, இறப்புப் பதிவு 1837 ஜூலை 1-இல் தொடங்கியது. பிறப்புப் பதிவில் அப்பா பெயரும், அம்மாவின் பெயரும், கல்யாணத்துக்கு முன்பு அம்மாவுக்கு இருந்த குடும்பப் பெயரும் இருக்கும். இந்தக் கடைசி விஷயம்தான் தங்கம். பழைய அச்சு அட்டவணையில் அம்மாவின் குடும்பப் பெயரை 1911-இல்தான் சேர்த்தார்கள், ஆனால் பொதுப் பதிவு அலுவலகம் தன் இணையத்தில் வைத்திருக்கும் புதிய அட்டவணையில் அது 1837 வரைக்கும் இருக்கிறது. ஆக, அம்மாவின் குடும்பப் பெயர் தெரிந்தால் சான்றிதழ் வாங்காமலே அந்தத் தம்பதியின் பிள்ளைகள் யார் யார் என்று கோத்துவிடலாம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால் அம்மாவுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது பெரும்பாலும் சரியான ஊகம்.

ஆரம்ப வருடங்களில் எல்லாப் பிறப்பும் பதிவாகவில்லை. பெற்றோர் பதியாவிட்டால் அபராதம் என்று கண்டிப்பு வந்தது 1875-இல்தான். அதனால் பதிவு கிடைக்கவில்லை என்றால் உடனே ஊரை மாற்ற வேண்டாம், ஞானஸ்நானத்தைப் பாருங்கள். 1813-இலிருந்து இங்கிலாந்து திருச்சபை அச்சிட்ட படிவத்தில் எழுத ஆரம்பித்தது. பெற்றோரின் முதற்பெயர்கள், குடும்பப் பெயர், குடியிருந்த இடம், அப்பாவின் தொழில், அவ்வளவும் இருக்கும். அம்மா பிறந்த குடும்பத்தின் பெயர் இருக்காது. ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி ஆகாது என்பதையும் மறக்க வேண்டாம், பத்து வயதில் தம்பி தங்கைகளோடு சேர்த்து ஒரே நாளில் கொடுத்த குடும்பங்கள் நிறைய.

உங்கள் ஆள் ஸ்காட்லாந்துக்காரர் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. அங்கே 1855-இல்தான் அரசுப் பதிவு ஆரம்பம், ஆனால் கல்யாணப் பதிவிலும் இறப்புப் பதிவிலும் அப்பா அம்மா இருவர் பெயரும் கேட்டார்கள், அம்மாவின் பழைய குடும்பப் பெயர் உட்பட. 1855 என்ற அந்த ஒரு வருடம் மட்டும் இன்னும் ஏகப்பட்ட விவரம் கேட்டுவிட்டு, எழுதி மாளாமல் அடுத்த வருடமே குறைத்துக்கொண்டார்கள். 1780-இல் பிறந்த ஒருவர் 1856-இல் இறந்திருந்தாலும் அவருடைய பெற்றோர் பெயர் கிடைக்க வாய்ப்பு இருக்கிறது. இங்கிலாந்துக் கல்யாணப் பதிவிலோ இரண்டு அப்பாக்களின் பெயரும் தொழிலும் மட்டும்தான், அம்மாக்களுக்கு அந்தத் தாளில் இடம் வந்தது 2021-இல்.

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வித்தியாசம். மாசசூசெட்ஸ் 1841-லேயே மாநில அளவில் பதிய ஆரம்பித்துவிட்டது, பல மாநிலங்களில் இருபதாம் நூற்றாண்டு பிறக்கும் வரை ஒன்றும் இல்லை. 1870, 1880-களில் பிறந்தவர் என்றால் ஒரு குறுக்குவழி உண்டு. 1936-இலிருந்து சோஷியல் செக்யூரிட்டி (அரசின் சமூகப் பாதுகாப்புத் திட்டம்) எண் கேட்டு விண்ணப்பித்தவர்கள் தங்கள் அப்பா அம்மா பெயரைத் தாங்களே எழுதினார்கள். அவர் அறுபது வயதில் தன் கையால் எழுதியது, மருமகன் சொன்னதைவிட எவ்வளவோ மேல்.

சென்சஸ் வைக்கும் கண்ணிகள்

1841 இங்கிலாந்து சென்சஸில் உறவுமுறை கிடையாது, பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை அதற்குக் கீழுள்ள ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 1851-இலிருந்துதான் உறவுமுறையும் பிறந்த பங்கும் வரும். அமெரிக்காவில் 1840 வரை வீட்டுத் தலைவர் பெயர் மட்டும். 1850-இல் அடிமைகளாக இல்லாத எல்லோரின் பெயரும் வந்தது. உறவுமுறை 1880-இல்தான் வந்தது. 1890 கணக்கு 1921 தீ விபத்துக்குப் பிறகு ஏறக்குறைய முழுசாகப் போய்விட்டது.

ஆக, 1850 அமெரிக்கக் கணக்கில் நாற்பது வயது ஆண், முப்பது வயதுப் பெண், ஐந்து குழந்தைகள் ஒரே வீட்டில் இருந்தால் அவர்கள் அப்பா, அம்மா, பிள்ளைகள் என்பது நம் கற்பனை. அண்ணன் பிள்ளைகளாக இருக்கலாம், மூத்தாள் பிள்ளைகளாக இருக்கலாம். உறவுமுறை எழுதியிருக்கும் வருடங்களிலும் அது வீட்டுத் தலைவருக்கு என்ன உறவு என்பதுதான். ‘மகன்’ என்றால் அவருக்கு மகன், பக்கத்தில் எழுதியிருக்கிற மனைவிக்கும் மகனா என்று அந்தத் தாள் சொல்லவில்லை. மூத்த பிள்ளைக்கு வயது 14, மனைவிக்கு 27 என்று இருந்தால் நின்று யோசியுங்கள்.

சொற்களும் இன்றைய அர்த்தத்தில் இல்லை. அன்று ‘சன் இன் லா’ என்று எழுதியது பல இடங்களில் மாப்பிள்ளையைக் குறிக்காது, மனைவியின் முதல் கல்யாணத்துப் பிள்ளையைக் குறிக்கும். ஏழு வயது ‘டாட்டர் இன் லா’ வந்தால் சிரிக்காதீர்கள், அந்தக் குழந்தையின் அப்பா வேறு ஒருவர். ‘ஜூனியர்’, ‘சீனியர்’ என்பது ஊரில் ஒரே பெயரில் இருந்த இளையவரையும் மூத்தவரையும் பிரித்துச் சொல்ல; சித்தப்பாவும் அண்ணன் மகனுமாக இருக்கலாம், உறவே இல்லாமலும் இருக்கலாம். ‘ஆர்ஃபன்’ என்றால் அமெரிக்க நீதிமன்றப் பதிவுகளில் அப்பா இறந்தால் போதும், அம்மா உயிரோடுதான் இருப்பார்.

மேரியின் அப்பா

சரி, மேரிக்கு வருவோம். 1861 கல்யாணப் பதிவில் அப்பா இறந்துவிட்டார் என்று எழுதியிருக்கவில்லை. எழுதவில்லை என்பதால் உயிரோடு இருக்கிறார் என்று நானே எடுத்துக்கொண்டது முதல் தப்பு. அதைக் கேட்டு எழுதும் வழக்கம் ஒரே சீராக இருந்ததில்லை. மறுபடி அதே தாளை எடுத்து, முதல் தடவை நான் படிக்காத சாட்சிகளைப் பார்த்தேன். ஒரு சாட்சிக்கு வேறு குடும்பப் பெயர். அந்தப் பெயரை 1851 சென்சஸில் அந்த வட்டாரத்தில் தேடினால், அந்தப் பெயருள்ள ஒரு வண்டிச் சக்கரத் தச்சர் வீட்டில் பன்னிரண்டு வயது மேரி இருக்கிறாள், உறவு ‘டாட்டர் இன் லா’, குடும்பப் பெயர் என் மேரியுடையது. அந்த வீட்டு மனைவி பெயர் ஆன்.

அடுத்து ஆனின் இரண்டாம் கல்யாணம். 1846-இல் கிடைத்தது. விதவை என்று போட்டிருக்கிறது, மேரியின் குடும்பப் பெயரில்தான் இருக்கிறாள், தன் அப்பா பெயரையும் கொடுத்திருக்கிறாள். அந்த அப்பாவின் குடும்பப் பெயர் எதுவோ அதுதான் ஆன் பிறந்த குடும்பத்தின் பெயர். அதைக் கொண்டுபோய்ப் பிறப்பு அட்டவணையில் போட்டால் 1838-இன் கடைசிக் காலாண்டில் ஒரு மேரி. சான்றிதழ் வாங்கினேன். அப்பா வில்லியம், தச்சர், அம்மா ஆன். கடைசியாக 1843-இல் ஒரு தச்சர் வில்லியமின் இறப்பு, தகவல் சொன்னவர் ஆன்.

இதில் எந்த ஒரு தாளும் ‘1861-இல் கல்யாணம் செய்துகொண்ட மேரி இந்த வில்லியமின் மகள்’ என்று சொல்லவில்லை. ஐந்து தாள், ஐந்து வெவ்வேறு காரணத்துக்காக, வெவ்வேறு வருடத்தில் எழுதியவை, ஒரே குடும்பத்தைக் காட்டுகின்றன. கூடவே, போட்டிக்கு நின்ற இன்னொரு மேரி மூன்று வயதில் இறந்ததற்குப் பதிவு இருக்கிறது. இந்தக் கடைசி விஷயத்தைத்தான் புதியவர்கள் செய்வதே இல்லை. ஒரே பெயரில் நான்கு குழந்தைகள் பிறந்திருந்தால் நான்கு பேரையும் பின்தொடர்ந்து, மற்ற மூவர் எங்கே போனார்கள் என்று காட்ட வேண்டும். அலுப்பான வேலைதான், என்ன செய்வது.

சொத்து இருக்கிற இடத்தில் உறவு இருக்கும்

பிறப்புப் பதிவே இல்லாத இடங்களில் நான் முதலில் போவது நிலப் பத்திரத்துக்கும் உயிலுக்கும்தான். சொத்துக்காக உறவைச் சொல்கிறவர்கள் பொய் சொன்னால் மறுக்க நான்கு பங்காளிகள் இருப்பார்கள். அமெரிக்காவில் அப்பா உயில் எழுதாமல் இறந்தால் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து நிலத்தை விற்கும் பத்திரத்தில் மகன்கள், மருமகள்கள், கல்யாணமான மகள்கள், அவர்களின் புருஷன்மார் என்று மொத்தக் குடும்பமும் வரிசையில் நிற்கும். பெண்கள் கல்யாணத்தோடு பெயர் மாறிக் காணாமல் போகிற அந்த நூற்றாண்டில், தொலைந்த மகளைத் திரும்பப் பிடிக்க இதைவிட நல்ல தாள் கிடையாது. இந்தப் பத்திரங்களுக்கு முன்பெல்லாம் சரியான அட்டவணையே கிடையாது. ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தேடுதளம் 2024-இலிருந்து கையெழுத்தைக் கணினியே படித்து முழு வாசகத்திலும் தேடும் வசதியைத் தந்திருக்கிறது, இலவசம். சாட்சியாக ஓரத்தில் நிற்கிற பெயர்கூட இப்போது மாட்டுகிறது.

இங்கிலாந்து உயில்கள் 1858 ஜனவரி முதல் ஒரே அரசு அலுவலகத்தின் கீழ் வந்தன; அதற்கு முன்பு திருச்சபை நீதிமன்றங்கள். உயிலில் பெயர் இல்லாத பிள்ளை பிள்ளையே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள், அவருக்குப் பங்கை முன்பே கொடுத்திருக்கலாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் இறந்த படைவீரர் என்றால் வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தின் பென்ஷன் கோப்பை விடவே விடாதீர்கள். 1862 சட்டப்படி விதவைகள், பிள்ளைகள், மகனை நம்பியிருந்த அம்மாக்கள் பென்ஷன் கேட்கலாம். அம்மா கேட்டால் அவன் என் மகன்தான் என்று நிரூபிக்க வேண்டும். அதற்காக அக்கம்பக்கத்தார் சத்தியப் பிரமாணம், பிரசவம் பார்த்த பெண்ணின் வாக்குமூலம், பைபிளிலிருந்து கிழித்த தாள்கூட உள்ளே இருக்கும்.

அப்பா பெயர் எழுதாத பிள்ளைகள்

கல்யாணம் ஆகாத அம்மாவுக்குப் பிறந்த குழந்தை என்றால், இங்கிலாந்தில் 1834 வரை பங்கு நிர்வாகம் அப்பாவைத் துரத்திப் பிடித்துக் குழந்தையின் செலவுக்குப் பத்திரம் எழுதி வாங்கியது. 1844 சட்டத்துக்குப் பிறகு அம்மாவே உள்ளூர் நீதிமன்றத்தில் ஜீவனாம்சம் கேட்கலாம். பதிவுகள் முழுசாக மிஞ்சவில்லை, ஆனால் வழக்கு உள்ளூர்ப் பத்திரிகையில் வந்திருக்கும். 1875-க்குப் பிறகு அப்பா நேரில் வந்து கூடவே கையெழுத்துப் போட்டால்தான் பிறப்புப் பதிவில் பெயர். குழந்தையின் நடுப்பெயரைக் கவனியுங்கள், வேறு யாருடைய குடும்பப் பெயர் மாதிரி இருந்தால் அம்மா சொல்ல வந்ததை அங்கே சொல்லியிருக்கலாம். அது துப்பு மட்டும்தான்.

அமெரிக்காவில் அடிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களைத் தேடுவது தனி வேலை. 1850, 1860 அடிமைக் கணக்கில் வயது, பால், நிறம் இருக்கும், பெயர் இருக்காது. அவர்களில் பெரும்பாலோர் பெயரோடு வருவது 1870 கணக்கில்தான். 1865-இலிருந்து 1874 வரை விடுதலை பெற்ற அடிமைகளுக்காக இயங்கிய ஃப்ரீட்மன்ஸ் வங்கியின் கணக்குப் பதிவேட்டில் பணம் போட வந்தவரின் பெற்றோர், உடன்பிறந்தார் பெயரைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். விற்கப்பட்டுப் பிரிந்த அம்மாவின் பெயர் சிலருக்கு அந்த ஒரு வரியில் மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது. இந்தியாவிலிருந்து போனவர்களுக்கு வேறு பட்டியல்: 1860-இலிருந்து 1911 வரை தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறிய 1,52,184 பேரின் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஓர் எண், தகப்பன் பெயருக்கு ஒரு கட்டம். அம்மா பெயருக்குக் கட்டம் இல்லை. ஆங்கில எழுத்துக்கூட்டல் கண்டபடி இருக்கும், அதனால் பெயரைவிட அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு போவதுதான் வழி.

கடைசியில், எழுதி வையுங்கள்

அமெரிக்க வம்சாவளிச் சான்றளிப்பு வாரியத்தின் ஆதார அளவுகோலில் ஐந்து நிபந்தனைகள். முடிந்தவரை எல்லா இடமும் தேடியிருக்க வேண்டும், ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது என்று குறித்திருக்க வேண்டும், ஆதாரங்களை ஒன்றோடொன்று வைத்து எடைபோட்டிருக்க வேண்டும், முரண்பாடுகளுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும், முடிவைக் காரணத்தோடு எழுதியிருக்க வேண்டும். முதல் நான்கைச் செய்கிறவர்கள்கூட ஐந்தாவதை விட்டுவிடுகிறார்கள், எல்லாம் தலையில் இருக்கிறது என்ற நம்பிக்கையில். மூன்று வருடம் கழித்து அந்தத் தலைக்கு ஒன்றும் நினைவிருக்காது.

அரைப் பக்கம் போதும். மேரிக்காக நான் எழுதி வைத்திருப்பது ஏறத்தாழ இப்படி: கேள்வி, 1861-இல் மணந்த மேரியின் பெற்றோர் யார். பார்த்தவை, மேலே சொன்ன ஐந்தும் அடக்கப் பதிவேடும், தேதியோடும் பக்க எண்ணோடும். முரண்பாடு, 1851 சென்சஸில் மேரி பிறந்த ஊராகப் பக்கத்துப் பங்கின் பெயர் இருக்கிறது. சொன்னவர் வளர்ப்புத் தகப்பனாக இருக்கலாம். முடிவு, வில்லியம், ஆன். இன்னும் பார்க்காதது, வில்லியம் ஆன் கல்யாணப் பதிவு, அநேகமாக 1837-க்கு முன்னால், எந்தப் பங்கு என்று தெரியவில்லை. ஆனின் அப்பா இருந்த ஊரிலிருந்து தொடங்க வேண்டும்.